சிற்பியின் தூரிகையும் நம் செய்முறை ஏடும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

சென்ற பருவத்தில் என் செய்முறை ஏட்டில் ஆசிய யானையின் படம் ஒன்றை வரைந்தேன். பாடநூலில் இருந்த படத்தைப் பார்த்து மூத்த மாணவர் ஒருவர் தம் ஏட்டில் வரைந்திருந்தார். அவர் ஏட்டைப் பார்த்து நான் வரைந்தேன். நிற்கும் யானையாக இருந்தால் சலிப்பாக இருக்குமே என்று பின்கால் ஒன்றைத் தூக்கி நடப்பதுபோல் என் கைச்சரக்கையும் சேர்த்தேன். கோடுகள் சுத்தம்; பாகங்களின் பெயர்கள் நேர் வரிசையில்; ஓரத்தில் சிவப்பு மையில் 'நன்று' என்ற சொல்லும் விழுந்துவிட்டது. வேறென்ன வேண்டும்?

விடுமுறைக்கு அஞ்செட்டி சென்றபோது அந்த ஏட்டை என் தந்தையார் எடுத்துப் புரட்டினார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆகையால் என் ஏடுகளில் படங்களை மட்டும் பார்ப்பது அவர் வழக்கம். யானையின் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"யாருப்பா வரைஞ்சது இத? பின்னங்காலு மாட்டுக்காலு மாதிரி மடங்குது. ஆனைக்கு அப்படி மடங்காதே. நாம மண்டி போடுற மாதிரி இல்ல மடங்கும்!"

அவர் சொன்னதுதான் சரி. மாட்டின் பின்காலில் வெளியே புடைத்துத் தெரியும் மூட்டு, பின்பக்கமாகத் திரும்பிய கணுக்கால் மூட்டு. யானைக்கோ அந்த மூட்டு தரைக்கு அருகிலேயே இருக்கிறது; நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது முழங்கால். அதனால்தான் யானை பின்கால்களை மடக்கி மனிதனைப் போல மண்டியிடுகிறது. உடற்கூறு பாடத்தில் இதைப் படித்துத் தேர்வெழுதியவன் நான். முப்பது ஆண்டுகளாக ராகிக் கொல்லைப் பரணில் இரவெல்லாம் விழித்திருந்தவர் அவர். படம் தவறு என்பதைக் கண்டது யார் கண்?

இந்த ஒரு நிகழ்ச்சிதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. விலங்கியல் படிக்கும் நாம் விலங்கைப் பார்க்கிறோமா என்பதே என் கேள்வி.

எங்கள் வட்டாரம் காட்டுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம். 2014-ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது; 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் சேர்ந்தது. ஐப்பசி பிறந்து ராகி கதிர் பிடிக்கத் தொடங்கினால் கர்நாடகத்துப் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி வருகின்றன. சிறுத்தை உண்டு, கரடி உண்டு, காவிரியில் முதலை உண்டு, ஆற்றோர மருத மரங்களில் சாம்பல் நிற அணில் உண்டு. இத்தனை செல்வத்துக்கு நடுவில் பிறந்த நான், நான்காம் கைக்கு வந்த படத்தைப் பார்த்து யானை வரைந்தேன்! வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த வெட்கம் எனக்கு மட்டும் உரியதா? சற்று பின்னோக்கிப் பார்ப்போம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை என்பதை நண்பர்கள் அறிவர். ஆநிரை மீட்டு இறந்தவனுக்கும், ஊரைக் காத்து இறந்தவனுக்கும், புலியோடு பொருது மாண்டவனுக்கும் கல் நட்டார்கள். புலிகுத்திப் பட்டான் கல் என்று மக்கள் சொல்லும் கற்களில் வீரன் பெரியவனாக நிற்பான். புலி பின்கால்களில் எழுந்து அவன் மேல் பாயும். வீரனின் குத்துவாள் அதன் வாயிலோ வயிற்றிலோ இறங்கியிருக்கும். புலியின் உருவம் பல கற்களில் ஒரு வேட்டை நாயின் அளவுதான். வால் மேலே சுருண்டிருக்கும். வாலைக் கண்டுதான் 'சரி, இது புலி' என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சிற்பிக்குத் தெரியாமல் போனது என்று நான் சொல்லவில்லை. இறந்த மனிதனுக்காக எழுப்பிய கல் அது. புலி அங்கே சாட்சிக்கு நிற்கிறது, அவ்வளவே. அஞ்சியவர்கள் செதுக்கிய புலி அது. அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். யானை வந்து போன காலையில், ஓராண்டு உழைப்பு மிதிபட்டுக் கிடப்பதை எங்கள் வீட்டில் நாங்கள் பார்த்திருக்கிறோம். யானையால் உயிர் போன வீடும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் உண்டு.

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். அருச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் அறிஞர்கள் இரு விதமாகச் சொல்லும் அந்தப் பெரும் பாறையில், பல்லவச் சிற்பிகள் ஏழாம் நூற்றாண்டில் செதுக்கிய யானைக் கூட்டத்தைக் காணாதவர் யார்? பெரிய யானையின் கால்களுக்கு நடுவே கன்றுகள் பாதுகாப்பாக ஒடுங்கியிருக்கும். அதே பாறையில் ஒரு மான் பின்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. தனியாக நிற்கும் கல் ஒன்றில் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கின்றன. இவற்றையெல்லாம் செய்தவன் காட்டோரத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தவன் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதே பல்லவர் செதுக்கிய சிங்கங்களைப் பாருங்கள்! சுருள் சுருளான பிடரி, உருண்டை விழி, பொம்மை போன்ற முகம். தூணின் அடியில் எல்லாம் அதே சிங்கம் குந்தியிருக்கும். காரணம் எளிது. யானையும் மானும் குரங்கும் இந்த மண்ணில் இருந்தன. சிங்கம் தொண்டை நாட்டில் இல்லை. கண்டதைச் செதுக்கிய உளி ஒரு விதமாகவும், கேட்டதைச் செதுக்கிய உளி வேறு விதமாகவும் பேசுகிறது. கல் அதை மறைக்கவில்லை.

மான் மூக்கைச் சொறிந்த அந்தக் கணத்தை அச்சிற்பி முதலில் எதில் வரைந்து வைத்திருப்பான்? மணலிலா, சுவரில் கரியாலா? எதில் வரைந்திருந்தாலும் அது அழிந்துவிட்டது. முடிந்த சிற்பம் நம்மிடம் இருக்கிறது. அதற்கு முன் நடந்த பயிற்சி நம்மிடம் இல்லை. கற்றுக்கொள்ள விரும்பும் மாணவனுக்கு அந்தப் பயிற்சித் தாள் அல்லவா வேண்டும்?

அப்படிப்பட்ட பயிற்சித் தாள்களை விட்டுச்சென்ற ஒரு சிற்பியைப் பற்றி அண்மையில் நூலகத்தில் படிக்க நேர்ந்தது. அவர் பிரெஞ்சு நாட்டவர். அந்துவான் லூயி பாரி என்பது பெயர். 1795-இல் பாரிஸ் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே உலோகத்தில் செதுக்கும் தொழிலாளி ஒருவரிடம் வேலை பழக விடப்பட்டார். நெப்போலியன் காலத்துப் படையில் சேர்க்கப்பட்டபோது நிலப்பரப்பின் மாதிரிகளைச் செய்யும் பிரிவில் வேலை. பிறகு கலைப்பள்ளியில் சேர்ந்து, ரோமாபுரிக்குச் சென்று படிக்கும் பரிசுக்காகப் பலமுறை போட்டியிட்டார், கிடைக்கவில்லை. 1823 முதல் சில ஆண்டுகள் ஒரு பொற்கொல்லர் பட்டறையில் கூலிக்குச் சிறு விலங்கு உருவங்கள் செய்து கொடுத்தார். உணர்ச்சியும் இயற்கையும் பெரிதாகப் போற்றப்பட்ட, புனைவியல் காலம் என்று நாம் இலக்கியத்தில் படிக்கும் காலம் அது.

பாரிஸ் நகரத் தாவரத் தோட்டத்தில், பிரெஞ்சுப் புரட்சியின்போது தொடங்கப்பட்ட விலங்குக் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. பாரி அங்கே போய் உட்கார்ந்து வரையத் தொடங்கினார். அவருடன் வரைந்தவர் தெலக்குருவா என்ற பெரும் ஓவியர். 1828-ஆம் ஆண்டில் அங்கே சிங்கம் ஒன்று இறந்தபோது, உடனே ஓடி வரும்படி தெலக்குருவா பாரிக்குக் கடிதம் எழுதினாராம்! சாவில் இத்தனை அவசரமா என்று கேட்கத் தோன்றும். உயிருள்ள சிங்கத்தின் தோள் எலும்பை அளக்க முடியாதல்லவா? தோலுக்குக் கீழே தசை எப்படி ஓடுகிறது, எந்த எலும்பு எந்த எலும்போடு பொருந்துகிறது என்று அளந்து எண்களாகக் குறித்துக்கொண்டார். இது நாம் படிக்கும் உடற்கூறியல்தான். பட்டம் இல்லாத ஒருவர், தேர்வு இல்லாமல் படித்தது.

1831-இல் அவர் காட்சிக்கு வைத்த சிற்பத்தைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். 'முதலையைத் தின்னும் புலி' என்பது அதன் பொருள். அந்த முதலை எது? நம் கங்கையாற்றின் கரியால் முதலை! நீண்டு மெலிந்த அலகு போன்ற வாயால் மீன் பிடித்துத் தின்னும் இனம். இரண்டும் இந்திய விலங்குகள்; செய்தவர் இந்தியாவுக்கு வராதவர். அதற்கு அவருக்குப் பதக்கம் கிடைத்தது. 1833-இல் பாம்பை மிதிக்கும் சிங்கம். அரசே அதை வெண்கலத்தில் வாங்கியது. அடுத்த ஆண்டு ஓர் இளவரசர் விருந்து மேசைக்கென வேட்டைக் காட்சிகளைச் செய்யச் சொன்னார். அவற்றுள் ஒன்று இந்தியப் புலி வேட்டை. யானை மேல் வேட்டைக்காரர்கள் இருக்க, புலிகள் யானையின் உடலில் தொற்றி ஏறுகின்றன. 1837-இல் இவற்றைக் கலைக்காட்சியின் நடுவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் அவர் அந்தக் காட்சிப் பக்கமே போகவில்லை. சிறு வெண்கல விலங்குகளைத் தாமே வார்த்து விற்றுப் பிழைத்தார்; 1848-இல் கடனில் மூழ்கினார்.

இது அவருடைய சிற்ப வாழ்க்கை. என் மனத்தைக் கவர்ந்தது இதுவன்று. அவருடைய நீர்வண்ண ஓவியங்கள்தான்.

அவற்றை நான் அச்சுப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அசல் தாள்கள் பாரிஸிலும் அமெரிக்காவின் பால்டிமோர் முதலிய நகரங்களிலும் இருக்கின்றன. பார்த்த அளவில் சொல்கிறேன்: பாரியின் வெண்கலத்தில் ஓயாத சண்டை. புலி கடிக்கும், சிங்கம் மிதிக்கும், கரடி கிழிக்கும். வாங்குபவர் கேட்டது அதுதான் போலும். நீர்வண்ணத்தில் அவர் விலங்குகள் பெரும்பாலும் சண்டையிடுவதில்லை. ஒரு புலி தனியாகப் பாறைகளுக்கு நடுவே நடந்து போகிறது. ஒரு சிங்கம் படுத்திருக்கிறது. யானை ஒன்று வெறும் வெளியில் நிற்கிறது. மண்ணின் பழுப்பு, துருவின் செம்மை, இருண்ட பச்சை, மூட்டமான வானம். வண்ணத்தின் மேல் வண்ணம் ஏற்றி, சில இடங்களில் சுரண்டி எடுத்து, தாளே கரடுமுரடான பாறை போலத் தோன்றும்படி செய்திருக்கிறார். கொல்லவும் இல்லை, கொல்லப்படவும் இல்லை. அந்த விலங்கு அங்கே வாழ்கிறது.

இன்னொரு வேடிக்கை உண்டு. கூண்டில் பார்த்த விலங்கைக் கூண்டோடு வரைய அவருக்கு மனமில்லை. காட்டில் வைக்க வேண்டும். வங்கப் புலியின் காட்டுக்கு அவர் எங்கே போவார்? பாரிஸுக்குச் சற்று தொலைவில் போந்தேன்புளோ என்ற காடு இருக்கிறது. அங்கே பார்பிசோன் என்ற சிற்றூரில் இயற்கை ஓவியர்கள் பலர் தங்கி வரைந்தார்கள்; பாரியும் அங்கே சென்று பாறைகளையும் ஓக் மரங்களையும் வரைந்தார். அந்தப் பிரெஞ்சுப் பாறைகளின் மேல் இந்தியப் புலியைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்! விலங்கியல் மாணவன் என்ற முறையில் இதைப் பிழை என்று நான் குறிக்கத்தான் வேண்டும். ஆனால் உருண்டு குவிந்த அந்தப் பாறைகளைப் பார்த்தால் அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில் தெரியும் குன்றுகளின் நினைவு வருகிறது. அவர் புலிக்குத் தேவையான இடம் எங்கள் ஊரில் இருந்தது. அவருக்கு அது கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தும் வரையவில்லை.

இந்த ஓவியங்களில் பெரும்பாலானவற்றைத் தம் கையிலேயே வைத்திருந்தார் பாரி. 1875-இல் அவர் மறைந்தபின், அடுத்த ஆண்டு அவர் பட்டறைப் பொருள்களுடன் ஏலத்துக்கு வந்தன. நம் ஊரில் விற்காத சரக்கை யாரும் மதிப்பதில்லை. எனக்கோ அவர் விற்க நினைக்காமல் செய்தவைதான் உயர்ந்தவையாகத் தோன்றுகின்றன.

நம் துறைக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. 1854 முதல் இறக்கும் வரை பாரி அந்தத் தாவரத் தோட்டத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்கு வரைகலைப் பேராசிரியர். ஆம், விலங்கு வரைவதற்கென்றே ஒரு பேராசிரியர் பதவி! பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சிற்பி ரோதேன் இளமையில் அவரிடம் பயின்றவர். அறிவியல் நிறுவனம் ஒன்று, எழுதுவதைப் போலவே வரைவதையும் ஓர் அறிவுப் பணியாக மதித்தது என்பதை இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன்.

'இதெல்லாம் வெள்ளைக்காரர் கலை, நமக்கு எதற்கு?' என்று கேட்கும் நண்பருக்கு ஒன்று சொல்வேன். பாரி பிறந்த மூன்றாம் ஆண்டில், அதாவது 1798-இல், தஞ்சையில் பட்டத்துக்கு வந்தவர் இரண்டாம் சரபோசி மன்னர். சுவார்ட்சு பாதிரியாரிடம் கல்வி பெற்றவர். சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கியவர். நாடு கும்பினியின் கைக்குப் போய்விட்டது. கோட்டையும் நூல்களும் அவருக்கு எஞ்சின. அவர் அரண்மனை ஓவியர்கள் பறவைகளையும் விலங்குகளையும் செடிகொடிகளையும் தாளில் நீர்வண்ணத்தில் தீட்டினார்கள். தஞ்சையில் கும்பினியின் ரெசிடென்டாக இருந்த டோரின் துரைக்குச் சென்ற தஞ்சை ஓவியங்கள் இன்று இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. யானைகளைப் பற்றிய கஜசாஸ்திர நூலும் வண்ணப் படங்களுடன் சரசுவதி மகாலில் உண்டு. தங்க ரேக்கு ஒட்டிக் கண்ணனையும் இராமனையும் தீட்டிய ஊரின் கைகள், எதிரே வைத்த உயிரைப் பார்த்து இறகு இறகாகத் தீட்டவும் வல்லவையாக இருந்தன. தங்கப் படத்தை நாம் வரவேற்பறையில் மாட்டினோம். பறவைப் படம் கப்பலேறியது. மன்னர் பெயர் நிற்கிறது, துரை பெயர் நிற்கிறது. வரைந்த கையின் பெயர் நிற்கவில்லை.

கல்கத்தாவிலும் இப்படித்தான். 1777 முதல் சில ஆண்டுகள், தலைமை நீதிபதி இம்பேயின் மனைவியார் வளர்த்த விலங்குகளையும் பறவைகளையும் பாட்னாவிலிருந்து வந்த சேக் சைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற மூவர் தீட்டினார்கள். இவர்களின் பெயராவது தாளில் தப்பியது. சைனுதீன் தீட்டிய அழுங்கு ஒன்றை அச்சில் பார்த்தேன். எங்கள் காட்டில் இரவில் எறும்புப் புற்றைத் தோண்டும் அதே அழுங்கு. செதில் செதிலாக எண்ணிவிடலாம். ஆனால் சுற்றிலும் வெறும் வெள்ளைத் தாள். மண்ணும் இல்லை, புற்றும் இல்லை. ஆவணம் என்ற வகையில் அது பாரியின் புலியைவிட நம்பத் தகுந்தது. உயிர் என்ற வகையில் எனக்குப் பாரியின் புலிதான் பிடித்திருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் செய்ய முடியாதா என்பதே என் ஆசை.

இப்போது நம் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவோம். முன்பெல்லாம் மாணவர்கள் தவளையையும் கரப்பானையும் அறுத்துப் பார்த்து வரைந்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2011-இலும் 2014-இலும் எடுத்த முடிவுகளால் அது நின்றது. நின்றது நல்லதே, ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வோர் ஆண்டும் அத்தனை தவளைகளைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் அறுப்பதை நிறுத்திய நாம், அதன் இடத்தில் என்ன வைத்தோம்? சுவர்ப்படம் வைத்தோம், கணினித் திரையில் அசையும் படம் வைத்தோம். பாட்டிலில் ஊறும் பதப்படுத்திய உயிர்களும் நிறம் வெளுத்து நிற்கின்றன. செத்த தவளையைப் பார்ப்பதை விட்டோம் சரி, உயிருள்ள தவளையைப் பார்க்கத் தொடங்கினோமா? மழை பெய்த மறுநாள் நம் கல்லூரி மைதானத்தில் எத்தனை தவளை! அதை வரைந்தால் மதிப்பெண் இல்லை. சுவர்ப்படத்தைப் பார்த்து வரைந்தால் உண்டு.

'கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுக்கலாமே, தூரிகை எதற்கு?' என்று என் அறை நண்பன் கேலி செய்தான். நியாயமான கேள்விதான். வனத்துறையினர் மரத்தில் கட்டி வைக்கும் தானியங்கிக் கேமராவால் எவ்வளவோ தெரிய வந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படம் எடுப்பவன் விலங்கைப் பார்க்காமலேயே எடுத்துவிட முடியும். வரைபவனால் அது முடியாது. யானையின் முன்காலை வரையத் தொடங்கிய உடனே, எத்தனை நகம் என்ற கேள்வி வந்து நிற்கிறது. பொதுவாக முன்காலில் ஐந்து, பின்காலில் நான்கு. துதிக்கை நுனியில் விரல் போன்ற நீட்சி ஒன்றா, இரண்டா? நம் ஆசிய யானைக்கு ஒன்றுதான். முதுகு எங்கே உயர்கிறது? நடக்கும்போது பின்பாதம் எங்கே விழுகிறது? ஏறக்குறைய முன்பாதம் பதிந்த தடத்திலேயே விழுகிறது. கை நிற்கும் இடமெல்லாம் கண் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. என் ஏட்டு யானையின் பின்காலைக் கையால் தவறாக வரைந்ததால்தான் தவறு வெளியில் வந்தது. பெயரை மட்டும் எழுதியிருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது.

வேறொரு காரணமும் எனக்கு இருக்கிறது. யானையை எங்கள் மக்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். ஊருக்குள் வந்தால் பகை; கோயில் சுவரில் இருந்தால் பிள்ளையார். ஒன்றுக்குப் பட்டாசு கொளுத்துகிறோம், மற்றதற்குக் கற்பூரம் கொளுத்துகிறோம். நகரத்து நண்பர்கள் சிலர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறார்கள்; 'பாவம், யானையின் காட்டை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்' என்று எங்களுக்கே பாடம் சொல்கிறார்கள். இரவில் பரணில் குளிரில் கிடந்தவனுக்கு இந்தப் பாடம் கசக்கும். இந்த மூன்று பேருமே யானையைப் பார்த்தவர்கள் இல்லை என்று துணிந்து சொல்வேன். முன்கால் தடத்தின் சுற்றளவை இரண்டு மடங்காக்கினால் ஏறத்தாழ யானையின் தோள் உயரம் வரும். அந்தக் கணக்கை வைத்து, நேற்றிரவு கொல்லையில் நுழைந்தது தனி ஆணா, கன்றோடு வந்த கூட்டமா என்று காலையில் ஒரு கயிறை வைத்துக்கொண்டு அனுமானிக்கலாம். எந்தக் கூட்டம், எந்த வழியாக, எந்த வாரத்தில் வருகிறது என்று ஊருக்கு ஊர் வரைந்து குறித்து வைத்தால், பட்டாசு கொளுத்தும் கைக்கும் அது உதவும், வனத்துறைக்கும் உதவும். காதின் ஓரத்துக் கிழிசலை வைத்து ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் காண்பது ஆராய்ச்சியாளர்களின் முறை. அதற்குத் தேவை பார்க்கப் பழகிய கண். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் கண் இருக்கிறது, தாள் இல்லை. நம்மிடம் தாள் இருக்கிறது.

ஆகவே துறைப் பேராசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோளைப் பணிவுடன் வைக்கிறேன். செய்முறை ஏட்டில் மூன்றில் ஒரு பங்கு பக்கமாவது, மாணவன் தானே நேரில் கண்டு வரைந்த உயிர்களாக இருக்கட்டும். பல்லி போதும், ஓணான் போதும், தெருநாய் போதும். கோடு கோணினாலும் மதிப்பெண் குறைக்க வேண்டாம்; எங்கே, எப்போது, எந்த நிலையில் கண்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால் குறைக்கலாம். ஆண்டுதோறும் சுற்றுலா போகிறோம். ஒரு முறை பன்னர்கட்டா விலங்குப் பூங்காவுக்கோ வண்டலூருக்கோ பென்சிலும் வண்ணப் பெட்டியுமாகப் போய், ஒரே விலங்கின் முன் இரண்டு மணி நேரம் உட்காருவோம். பாரி கூண்டின் முன்தான் உட்கார்ந்தார். காட்டு யானையின் முன் போய் உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை; யாரும் அப்படிச் செய்துவிட வேண்டாம்! வண்ணப் பெட்டிக்குக் காசில்லை என்ற பேச்சும் வேண்டாம். எங்கள் ஊர்ச் செம்மண்ணைக் கரைத்தால் யானையின் முதுகுக்குரிய நிறம் அப்படியே கிடைக்கிறது, ஏனெனில் யானையே அந்த மண்ணைத்தான் அள்ளிப் பூசிக்கொள்கிறது.

நானும் தொடங்கிவிட்டேன். கடந்த தை மாதம் தந்தையாருடன் பரணில் மூன்று இரவுகள் இருந்தேன். இரண்டு இரவு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, கொல்லைக்கு எதிரே ஏரிக்கரையில் இரண்டு யானைகள் காட்டுப் பக்கம் திரும்பிப் போயின. வெளிச்சம் போதவில்லை, கையும் நடுங்கியது. கிடைத்ததெல்லாம் இரண்டு பின்புறங்களும் ஒரு வாலும்தான். தந்தையார் தாளை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"காலு சரியா இருக்குது. வாலுதான் பசுவோடது" என்றார்.

அந்தப் பக்கத்தையும் இந்த ஆண்டு ஏட்டில் சேர்த்திருக்கிறேன். வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்று நடுகற்களில் உள்ள புலிகளைப் பார்த்து வரைவதாக நாங்கள் நான்கு பேர் முடிவு செய்திருக்கிறோம். உடன் வர விரும்பும் நண்பர்கள் காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வரலாம். பென்சில் கொண்டு வாருங்கள். தாள் என்னிடம் இருக்கிறது.